உங்க பிளேயர்தான் சரியில்ல

வாசுவை எனக்குப் பிடிக்காது. கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்குப் பின்பக்கம் டிஸ்க் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறான். அவனிடம் படம் எடுத்துக்கொண்டு போய் முடிவுவரை நிம்மதியாகப் பார்த்தவர் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், என் செலவில் மாலை போடுகிறேன்.

நல்ல டிஸ்க்கை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்வான். நமக்குத் தருவது அவனே கம்ப்யூட்டரில் அடித்த நகல். வெள்ளை டிஸ்க், அதன் மேல் மார்க்கர் பேனாவால் 1, 2 என்று எண். படத்தின் பெயரை எழுத மாட்டான். கேட்டால், பெயர்தான் பெட்டி மேல் இருக்கிறதே என்பான். பெட்டிக்குள் இருப்பது அந்தப் படம்தானா என்பது நம்முடைய ராசியைப் பொறுத்தது. டிஸ்க்கின் அடியில் பூனை பிறாண்டியதுபோல் கீறல் இருக்கும். படம் ஒழுங்காக ஓடிக்கொண்டே வந்து, கதாநாயகி வாயைத் திறந்து உண்மையைச் சொல்லப்போகும் நேரம் பார்த்து அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். வெளியே எடுத்து, ஊதி, சட்டை நுனியில் துடைத்துப் போட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பற்பசை தடவிக் கழுவினால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதையும் செய்தேன். டிஸ்க் வாசமாக இருந்தது, படம் ஓடவில்லை.

இதையெல்லாம் கடையில் போய்ச் சொன்னால் வாசு தலையைக்கூட நிமிர்த்த மாட்டான்.

"உங்க பிளேயர்தான் சரியில்ல, பாஸ்."

யார் போய் என்ன குறை சொன்னாலும் இதுதான் பதில். இங்கேயே போட்டுப் பார் என்றால், "வர்றவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிட்டிருந்தா நான் கடை நடத்துறதா, தியேட்டர் நடத்துறதா லா?" என்பான். அவன் மேசைக்கு மேலே டிவி இருக்கிறது, அதன் கீழே பிளேயரும் இருக்கிறது. வாடகை டிஸ்க் ஒன்றை அவன் அதில் போட்டு நான் பார்த்ததே இல்லை.

அப்படிப்பட்டவன் கடைக்கு இந்தத் தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மறுபடி போனதற்குக் காரணம் என் மனைவி சீதாலெட்சுமியும் அவள் தங்கை ஷாமினியும்தான். இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஷாமினியும் அவள் கணவன் ஜெயந்திரனும் அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடியேறப் போகிறார்கள். போவதற்கு முன்னால் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நான்தான் பூச்சோங்கிலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுக் கூப்பிட்டேன். வருவதாகச் சொல்லிவிட்டார்கள். சாப்பிடும்போது வாய்க்கு வேலை இருக்கும், சண்டை வராது. சாப்பிட்டு முடிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

"படம் ஏதாச்சும் எடுத்துட்டு வாங்க," என்றாள் சீதா. "படம் ஓடுனா பேச வேண்டியதில்ல." கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், "அன்னைக்குப் பாதியில நின்னு போச்சே, அந்தப் பேய்ப் படம். அதையே எடுங்க," என்றாள்.

அவள் அளவுக்கு அது பெரிய சமாதானப் பேச்சு. அந்தப் பேய்ப் படம் பாதியில் நின்ற கதையைச் சொல்லாவிட்டால் இது புரியாது.

என் மாமனார் இராமலிங்கம் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். வீம்பு பிடித்த மனிதர். ஷாமினி யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றதும், "அவங்க எல்லாம் கவர்மெண்டு உத்தியோகக்காரங்க. நம்ம பேசுறதக் கேட்டே சிரிப்பாங்க," என்று சொல்லி, மகளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். கல்யாணத்துக்கு வந்தார். தாரை வார்த்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மாலை விருந்தில், வழக்கப்படி, பாதியில் பெண்ணும் மாப்பிள்ளையும் வேறு உடுப்பு மாற்ற உள்ளே போனார்கள். சேலை மடிப்பு எடுத்துவிட சீதாவும் கூடப் போனாள். நான் வெளியே சமையல்காரனோடு கத்திக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் மனிதர் எழுந்து போய் மைக்கைப் பிடித்திருக்கிறார்.

என்ன பேசினார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கல்யாண விருந்தில் பிரியாணி வந்த பிறகு மைக்கில் பேசுவதை எவன் கேட்கிறான்? மாப்பிள்ளையை வாழ்த்தினார் என்றார் ஒருவர். அழுதார் என்றார் இன்னொருவர். செமினியிலிருந்து வந்த பெரியப்பா ஒருவர், சம்பந்தி வீட்டாரைத் தாக்கித்தான் பேசினார் என்று அடித்துச் சொன்னார். ஜெயந்திரனின் அம்மா இந்தக் கடைசிப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஷாமினி அந்த வீட்டில் எதற்கு வாய் திறந்தாலும், "உன்ட அப்பா சபையில வச்சுச் சொன்னவர்தானே," என்று ஒரு குத்து விழும். ஷாமினி அப்பாவுக்கே போன் போட்டுக் கேட்டாள்.

"அதான் வீடியோல வரும்ல," என்றாராம். "பாத்துக்க."

வீடியோ என் வீட்டு முகவரிக்குத்தான் வந்தது. ஒரு பெட்டி, இரண்டு டிஸ்க். ஒரு சனிக்கிழமை ஷாமினி வந்து தங்கினாள். மத்தியானம் முதல் டிஸ்க்கைப் போட்டோம். கோயிலில் தாலி கட்டியது. வீடியோக்காரன் தன் கைவரிசையை நன்றாகக் காட்டியிருந்தான். பூ விழுவது, இதயம் வெடிப்பது எல்லாம் இருந்தது. ஐயர் வாயசைக்கிறார், சினிமா டூயட் ஓடுகிறது. அக்காளும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விருந்து டிஸ்க்கை மறுநாள் நிதானமாகப் பார்க்கலாம், இன்றைக்கு நான் அழத் தயாராக இல்லை என்று ஷாமினி சொல்ல, சாயங்காலம் வாசுவிடம் எடுத்த பேய்ப் படத்தைப் போட்டோம். முதல் டிஸ்க் முடிந்தது. பங்களாக் கதவு திறக்கிறது, உள்ளே யார் என்று தெரியவேண்டும். இரண்டாவது டிஸ்க்கைப் போட்டதும் பிளேயர் ஒரு முனகல் முனகிவிட்டுச் செத்துப்போனது.

மறுநாள் ஞாயிறானாலும் எனக்கு வேலை இருந்தது, போய்விட்டேன். பழைய பேப்பர் வாங்கும் லோரி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வந்தபோது சீதா அந்த பிளேயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஷாமினி வீட்டுக்குக் கிளம்பும்போது, போகும் வழியில் கடையில் கொடுத்துவிடுகிறேன் என்று பேய்ப் படப் பெட்டியை எடுத்துப் போனாள். கல்யாணப் பெட்டி டிவி மேலேயே இருந்தது. புது பிளேயர் வாங்குவதற்குள் மாமனாருக்கு மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போன மனிதர் திரும்பி வரவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஷாமினி வந்து கல்யாணப் பெட்டியைத் திறந்தாள். முதல் டிஸ்க் மட்டும்தான் இருந்தது. வீட்டைப் புரட்டிப் போட்டோம். வீடியோக்காரனிடம் ஓடினோம், அவன் கம்ப்யூட்டர் கெட்டுப்போய் எல்லாம் அழிந்துவிட்டது என்று கையை விரித்தான். அன்றைக்கு ஷாமினி என் நடுவீட்டில் நின்றுகொண்டு அக்காளைப் பார்த்துச் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"ஒரு டிஸ்க்க பத்திரமா வைக்கத் தெரியல. அப்பா எனக்குன்னு பேசுனது அது ஒண்ணுதான். அதையும் தொலைச்சிட்டல்ல?"

"நான் தொடவே இல்லடி! மாரியம்மா சத்தியமா தொடல!"

"ஆமா. அது காலு மொளச்சி நடந்து போச்சி."

சீதா கோயிலுக்குப் போய்க் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார் என்றாள். செய்யவும் செய்தாள். ஷாமினி நம்பவில்லை. அதோடு முடிந்தது.

அதனால்தான் அந்த ஞாயிறு காலையில் வாசுவின் முகத்தில் விழித்தேன். மேசையில் பளபளவென்று ஒரு புது பிளேயர் உட்கார்ந்திருந்தது.

"தீபாவளிக்கு எடுத்தேன், பாஸ். எந்த டிஸ்க்க போட்டாலும் படிக்கும். உங்க வீட்டுல உள்ளதுதான் படிக்காது," என்று பெருமையடித்துக்கொண்டான். பேய்ப் படத்தைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினான். "அதுவா? ஓடாத படம். எடுத்துட்டுப் போன ஒண்ணு ரெண்டு பேரும் ரெண்டாவது டிஸ்க் வேற என்னமோ வருதுன்னு கத்துனாங்க. கல்யாணம் வருதாம். தமிழ்ப் படத்துல கல்யாணம் வராம கருமாதியா வரும்?"

அப்போதே எனக்குத் தட்டியிருக்க வேண்டும். வாசு பேசும்போது நான் பாதியைக் காதில் வாங்குவதில்லை.

சாப்பாடு நான் நினைத்தது போலவே ஊமைப்படமாக நடந்தது. "ரசம் போடவா?" என்று சீதா கேட்டது ஜெயந்திரனை. "போதும்," என்று ஷாமினி சொன்னது என்னிடம். ஜெயந்திரன் பாவம், வானிலையைப் பற்றியும் பெர்த்தில் வீட்டு வாடகையைப் பற்றியும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தான். கையைக் கழுவினதும் நான் ஓடிப்போய் டிஸ்க்கைப் போட்டேன்.

படத்தின் மீது மலாய் எழுத்து பாதித் திரையை மறைத்தது. அடியில் ஏதோ நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டே இருந்தது. நாயகன் பேசும்போதெல்லாம் சத்தம் குறைந்தது, பேய் கத்தும்போது கூரை பிய்ந்தது. இரண்டு இடத்தில் சிக்கி நின்றது. சிக்கும்போதெல்லாம் அறையில் விழுந்த அமைதி இருக்கிறதே, அதற்குப் பேயே தேவலை. ஆனால் சிரிப்பு நடிகர் பயந்து கட்டிலுக்கு அடியில் புகுந்தபோது சீதா சிரித்தாள். ஷாமினியும் சிரித்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல்தான், ஆனாலும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

பங்களாக் கதவு திறந்தது. முதல் டிஸ்க் முடிந்தது. இரண்டாவதைப் போட்டேன்.

ஒரு மண்டபம். சீரியல் விளக்கு. டூயட் பாட்டு. வரிசையாக மேசை, மேசை மேல் பிரியாணி. கேமரா பிரியாணியைக் கிட்டே போய்ப் பார்த்தது. அடுத்த மேசையில் முழுக்கைச் சட்டையைப் பாதிவரை சுருட்டிக்கொண்டு ஒருவர் எழுந்து நின்றார்.

"அப்பா," என்றாள் ஷாமினி.

மாமனார் மேடைப் பக்கம் நடந்தார். கூட்டத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மைக்கை எடுத்தார். விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே நின்றது.

நான் டிஸ்க்கை வெளியே எடுத்தேன். வெள்ளை டிஸ்க், மேலே மார்க்கரில் 2. கிட்டே வைத்துப் பார்த்தால் வாசுவின் கையெழுத்து இல்லை என்று தெரிந்தது, இது சற்றுச் சாய்ந்த 2. நான் துடைப்பதற்காகச் சட்டை நுனியைத் தூக்கியதும், "தொடாதீங்க மாமா!" என்று ஷாமினி அலறினாள்.

சீதா அசையாமல் நின்றாள். அவளுடைய மூளை என்னுடையதைவிட வேகமாக வேலை செய்யும்.

"படத்தோட ரெண்டாவது டிஸ்க் செத்துப்போன பிளேயர் உள்ளுக்கே இருந்துச்சு," என்றாள் மெதுவாக. "அது லோரியில போயிருச்சு. அப்ப இந்தப் பெட்டியில என்னத்த போட்டுக் கடையில குடுத்த, ஷாமினி?"

ஷாமினி திரும்பி டிவியின் மேல்பக்கத்தைப் பார்த்தாள்.

"டிவி மேல வெள்ளையா ரெண்டு நம்பர் போட்டு ஒரு டிஸ்க் இருந்துச்சு. அத எடுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போனது நீ. நீதானேடி? ரெண்டு வருசம்! என்னைக் கோயில்ல கற்பூரம் அணைக்க வச்சியே! சொந்தக்காரங்க முன்னாடி என்னைத் திருடி மாதிரி நிக்க வச்சியே!"

"நீ எதுக்கு டிஸ்க் உள்ள இருக்கறதுகூடப் பாக்காம பிளேயர லோரிக்காரன்கிட்ட குடுத்த?" என்று ஷாமினி திருப்பிக் கேட்டாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் வீம்பு உடையவில்லை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

"அடிப்பாவி, இப்பவும் என் மேலதான் பழியா?"

"அண்ணே," என்றான் ஜெயந்திரன் என்னிடம், அந்த இரைச்சலுக்கு நடுவில். "அந்தக் கடையில நல்ல பிளேயர் இருக்கா?"

அன்றைக்கு நாங்கள் நான்கு பேரில் புத்தி இருந்தது அவனுக்கு மட்டும்தான். காரில் போகும்போது முன்சீட்டில் சீதா, பின்சீட்டில் ஷாமினி. வழி நெடுக இருவரும் கத்திக்கொண்டே வந்தார்கள். இரண்டு வருடமாகப் பேசாததை எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் பேசித் தீர்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஷாமினி டிஸ்க்கைப் பெட்டியோடு நெஞ்சில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வாசு தலையை நிமிர்த்தவில்லை. பெட்டியைப் பார்த்ததுமே, "உங்க பிளேயர்தான்..." என்று ஆரம்பித்தான்.

"வாய மூடுங்க," என்றாள் சீதா. மேசையின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு அவன் பக்கமே போய்விட்டாள். "இது என் தங்கச்சி கல்யாண வீடியோ. ரெண்டு வருசமா வாடகைக்கு வுட்டுருக்கீங்க. போடுங்க."

"அக்கா, அக்கா, இப்படி உள்ள எல்லாம் வரக்கூடாது லா. அப்ப என்னோட ரெண்டாவது டிஸ்க் எங்க?"

"லோரிக்காரன்கிட்டப் போயி கேளுங்க. இப்ப போடுறீங்களா, இல்ல நான் இங்கயே உக்காந்துக்கவா?"

வாசு அவள் முகத்தைப் பார்த்தான். டிவியில் ஓடிக்கொண்டிருந்த தொடரை நிறுத்திவிட்டு டிஸ்க்கை வாங்கிப் புது பிளேயரில் போட்டான். என் கண் முன்னால் அவன் ஒரு வாடகை டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மண்டபம் வந்தது. பிரியாணி வந்தது. மாமனார் எழுந்தார், நடந்தார், மைக்கைத் தட்டினார். என் வீட்டில் நின்ற இடத்தை டிஸ்க் தாண்டிப் போனது. ஷாமினி என் முழங்கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

மாமனார் வாயைத் திறந்து பேச ஆரம்பித்தார்.

டூயட் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"சவுண்டு," என்றாள் ஷாமினி. "சவுண்டு வைங்க."

வாசு சத்தத்தைக் கூட்டினான். பாட்டுதான் பெரிதாகக் கேட்டது. வீடியோக்காரன் மண்டபத்துச் சத்தத்தை எல்லாம் எடுத்துவிட்டு, கடைசிவரை சினிமாப் பாட்டைப் போட்டு ஒட்டியிருந்தான். பின்னணியில் ஒருத்தி காதலில் உருக, அதற்கு முன்னால் என் மாமனார் கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். நிறையச் சொன்னார். ஒரு தடவை நிறுத்தி எச்சில் விழுங்கினார். ஒரு விரலைத் தூக்கினார். நடுவில் கேமராவுக்கு அலுத்துப்போய் ஐஸ்கிரீம் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது. அந்த வீடியோக்காரன் மட்டும் அப்போது என் கையில் கிடைத்திருந்தால் இன்றைக்கு நான் இதைச் சிறையிலிருந்துதான் எழுதிக்கொண்டிருப்பேன்.

அவருக்குப் பக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் இரண்டு சிவப்பு நாற்காலிகள் காலியாக இருந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனிதர் அவர்கள் எழுந்து போகும்வரை காத்துக்கொண்டிருந்திருக்கிறார். மகள் முகத்துக்கு நேராகச் சொல்ல அவரால் முடியவில்லை. வீடியோவில் வரும், பார்த்துக்கொள்வாள் என்று நம்பி, காலி நாற்காலிகளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

பேசி முடித்தார். மைக்கை வைத்தார். திரும்பினவர், நாற்காலிக்குக் கீழே விழுந்து கிடந்த மாலையைக் குனிந்து எடுத்தார். அதிலிருந்த தூசியைத் தட்டி, நாற்காலியின் முதுகில் பதவிசாகச் சாத்தி வைத்துவிட்டு, கீழே இறங்கிப் போனார்.

"அது என்ட மாலை," என்றான் ஜெயந்திரன்.

ஷாமினி திரையைப் பார்க்கவில்லை. வாசுவைப் பார்த்தாள். வெறி பிடித்தவள் மாதிரி இருந்தாள்.

"உங்க பிளேயர்தான் சரியில்ல," என்றாள். "அதான் அப்பா பேசுறது கேக்கல. பாட்டு மட்டும் கேக்குது. உங்க பிளேயர்தான் சரியில்ல!"

வாசு வாயைத் திறந்தான். அடுத்து அவன் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை அதைச் சொன்னால் அவன் மூக்கை உடைப்பது என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

அவன் திரையைப் பார்த்தான். பிறகு ஷாமினியைப் பார்த்தான்.

"ஆமாம்மா," என்றான். "என் பிளேயர்தான் சரியில்ல. நல்ல பிளேயரா வாங்கிப் போட்டுப் பாருங்க, கேக்கும்."

டிஸ்க்கை எடுத்து, கீறல் படாமல் ஓரத்தைப் பிடித்து, அலமாரியிலிருந்து ஒரு புதுப் பெட்டி எடுத்து அதில் வைத்து மூடிக் கொடுத்தான். சீதா அவனை ஒரு கணம் பார்த்தாள். மேசையைச் சுற்றி வந்து தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பெர்த்துல நல்ல பிளேயரா கெடைக்கும்டி," என்றாள். "வா, போலாம்."

அவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். நான் வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். வாசு தலையைக் குனிந்துகொண்டு அந்த பிளேயரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு வாங்கிய பிளேயர். அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவன் இன்னும் உரிக்கவில்லை.